பந்தியில் இன்னும் ஓர் இலை

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சில மாதங்களாக ஞாயிறுதோறும் உங்கள் ஆலயத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்கள் ஐந்தாறு பேர் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள், பக்கத்து நூற்பாலையில் வேலை செய்கிறவர்கள், தமிழ் தெரியாது, ஆசீர்வாதம் முடிந்ததும் யாரோடும் பேசாமல் போய்விடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சபைக் கமிட்டியில் இதைப் பேசி, மாதத்தில் ஒரு பிற்பகல் இந்தியில் ஆராதனை வைப்பது, கிறிஸ்துமசுக்கு ஆளுக்கொரு போர்வை கொடுப்பது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு அதில் மனம் நிறையவில்லை. அவர்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட வேண்டும் என்று தோன்றுகிறது. வயதுக்கு வந்த மகள் இருக்கிற வீடு, அக்கம்பக்கம் என்ன பேசும், இன்றைக்குச் சோறு போட்டால் நாளைக்குப் பணம் கேட்பார்களே என்று உங்கள் கணவர் தயங்குகிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழையுங்கள் என்பதுதான் என் பதில். போர்வை நல்லது, மார்கழிப் பனிக்கு உதவும். இந்தி ஆராதனையும் நல்லது. ஆனால் அவை இரண்டும் சபை செய்கிற காரியங்கள். நீங்கள் கேட்டது உங்கள் வீடு செய்ய வேண்டியதைப் பற்றி. ஒரு வீடு செய்ய வேண்டியதை அந்த வீட்டுக்குப் பதிலாகச் சபையோ சங்கமோ செய்துவிட முடியாது என்பது என் உறுதியான நம்பிக்கை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் கணவரின் தயக்கத்தையும் நான் ஒதுக்கவில்லை. அதற்குத் திருச்சபையின் மிகப் பழைய அனுபவத்திலேயே பதில் இருக்கிறது.

முதலில், வந்திருக்கிறவர்கள் யார்? கமிட்டியில் 'வடநாட்டுப் பையன்கள்' என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள் என்று தெரிகிறது. ஜார்க்கண்டின் சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்தில் ஒராவோன், முண்டா, கரியா மக்களிடையே கிறிஸ்தவம் நேற்று முளைத்தது அல்ல. பெர்லினிலிருந்து கோஸ்னர் என்ற போதகர் அனுப்பிய லுத்தரன் மிஷனரிகள் 1845இல் ராஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள். ஐந்து வருடம் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. 1850இல் ஒராவோன்கள் நால்வர் பெற்றார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகள் வெளியேற்றப்பட்ட பிறகு, 1919இல் அந்தச் சபை தன்னைத் தானே ஆளும் சபையாயிற்று. நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947இல்தான். கத்தோலிக்கர்களுக்கும் அங்கே நீண்ட வரலாறு உண்டு. 1880களில் பெல்ஜியத்திலிருந்து வந்த இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலத்தைப் பறிகொடுத்த ஆதிவாசிகளுக்கு நீதிமன்ற வழக்குகளில் துணைநின்றவர். ஆக, உங்கள் கடைசி பெஞ்சில் இருக்கிற பையன் ஐந்தாம் தலைமுறைக் கிறிஸ்தவனாக இருக்கக்கூடும். அவன் தாத்தா உபதேசியாராக இருந்திருக்கலாம். ஊர்ப் பாடகர் குழுவில் அவனே பாடியிருக்கலாம். அவர்கள் சபைகளில் ஒருவரையொருவர் 'யீஷு சகாய்' என்று வாழ்த்துவது வழக்கம். அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

நாம் யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். டென்மார்க் அரசரே அனுப்பிய ஜெர்மானிய மிஷனரிகள். ஆனாலும் கோட்டையின் டேனிஷ் தளபதி அவர்களை நெடுநேரம் காக்கவைத்து, கடைசியில் கடைத்தெருவில் நிற்கவிட்டுப் போனார். அவரும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்தான், அதே அரசருக்கு ஊழியம் செய்தவர்தான். அந்த அந்நியர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியார். முதியவர், கிறிஸ்தவர் அல்லர். தம் பள்ளிக்கூடத்தையே அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு மாற்றினார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் அந்த இரண்டு ஜெர்மானியர்களும் அகரம் கற்றார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. நம் வீட்டு அலமாரியில் இருக்கிற வேதாகமத்தின் கதை, மொழி தெரியாத வெளியூர்க்காரர் இருவரைத் தன் மாணவர்களின் வரிசையில் உட்காரவைத்த அந்தக் கிழவரிடமிருந்து தொடங்குகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நமக்கு வேதம் வந்ததே ஒரு பிற மதத்தாரின் உபசாரத்தால்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். பிரான்சின் நடுப்பகுதி மலைநாட்டில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், லெ ஷாம்போன்-சூர்-லின்யோன் என்று ஒரு கிராமம். குளிர் கடுமையான இடம். எளிய விவசாயம், கல் வீடுகள். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் ஹியூகனாட்டுகள் எனப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள். 1685இல் பதினான்காம் லூயி அவர்களுடைய வழிபாட்டுரிமையை ரத்து செய்த பிறகு, காடுகளில் ஒளிந்து ஜெபித்த முன்னோர்களின் பிள்ளைகள். 1934இல் அந்தச் சபைக்கு ஆந்த்ரே த்ரோக்மே என்பவர் போதகராக வந்தார். மனைவி மக்தா இத்தாலிக்காரர். நான்கு பிள்ளைகள்.

1940 ஜூன் 22 அன்று பிரான்ஸ் ஹிட்லரிடம் பணிந்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. த்ரோக்மேயும் உடன் போதகர் எதுவார் தெய்சும் பிரசங்க பீடத்திலிருந்து சபைக்குச் சொன்னார்கள்: நம் மனச்சாட்சிக்கு எதிரான கட்டளை வரும்போது கீழ்ப்படியக் கூடாது, ஆயுதம் எடுக்காமல், பகைக்காமல் எதிர்த்து நிற்க வேண்டும். அப்போது அந்த ஊரில் யாருக்கும் என்ன செய்யப்போகிறோம் என்ற திட்டம் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் நடந்த ஒன்றைத்தான் நீங்களும் உங்கள் கணவரும் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தென்பிரான்சின் தடுப்பு முகாம்களில் ஆயிரக்கணக்கான யூத அகதிகள் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களுக்கு ஊழியம் செய்யப் போக வேண்டும் என்ற வாஞ்சையோடு த்ரோக்மே மார்செய்யில் இருந்த குவேக்கர் நிவாரணப் பணியாளர்களிடம் சென்றார். அங்கே பர்ன்ஸ் சால்மர்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த பதில் த்ரோக்மேயின் வாழ்க்கையைத் திருப்பியது. முகாமில் வேலை செய்ய எங்களுக்கு ஆள் இருக்கிறது, முகாமிலிருந்து சிலரை வெளியே கொண்டுவரவும் முடிகிறது, ஆனால் வெளியே வந்தவர்களை வைத்துக்கொள்ள ஓர் ஊர்தான் கிடைக்கவில்லை, உங்கள் ஊர் அந்த ஊராக இருக்குமா என்று அவர் கேட்டார். தூரத்துக்குப் போய்த் தியாகம் செய்யக் கிளம்பிய மனிதரிடம், திரும்பிப் போய் உன் வீட்டைத் திற என்று சொன்னதுபோல் ஆயிற்று. த்ரோக்மே திரும்பிப் போனார்.

அதே குளிர்காலத்தில் ஒரு நாள், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது போதகர் வீட்டுக் கதவைத் தட்டினாள் ஒரு பெண். ஜெர்மனியிலிருந்து ஓடிவந்த யூதப் பெண். நனைந்து நடுங்கிக்கொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டாள். மக்தா யோசிக்கவில்லை, உள்ளே அழைத்து அடுப்பருகே உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்தார். ஈரச் செருப்பைக் காயட்டும் என்று அடுப்புக்குள் வைத்துவிட்டு வெளியே போனார். காகிதம் இல்லாமல் இவள் எங்கும் போக முடியாதே, ஊர் மேயரிடம் கேட்டால் ஏதாவது செய்வார் என்று நம்பினார். மேயரோ ஓர் அந்நிய யூதப் பெண்ணுக்காக ஊரையே ஆபத்தில் மாட்டிவிடுவாயா, விடிந்ததும் அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் செருப்பு அடுப்பில் கருகிக் கிடக்கிறது. போர்க்காலம், எல்லாமே ரேஷன். அந்தப் பனியில் வெறுங்காலோடு ஒரு பெண்ணை எப்படி அனுப்புவது? மக்தா ஊருக்குள் அலைந்து ஒரு ஜோடி தேடிப்பிடித்தார். அந்தப் பெண்ணை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது அவருக்குக் கடைசிவரை வலித்தது. அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார்: இப்படிப்பட்ட காரியத்துக்கு அதிகாரியிடம் அனுமதி கேட்கப் போகக் கூடாது.

அதன் பிறகு அந்த மலைப்பகுதியில் நடந்தது பெரிய வரலாறு. ஆயிரக்கணக்கானோர் அங்கே அடைக்கலம் பெற்றார்கள். எத்தனை பேர் என்று அவர்களே எண்ணி வைக்கவில்லை. பண்ணை வீடுகளில், விடுதிகளில், குவேக்கர்களும் சுவிஸ் நாட்டவர்களும் நடத்திய பிள்ளைகள் இல்லங்களில் தங்கினார்கள். கத்தோலிக்கர் சேர்ந்தார்கள், டார்பியர் எனப்படும் எளிய சகோதரசபை விவசாயிகள் சேர்ந்தார்கள். போலீஸ் வருகிறது என்று யாரோ முன்கூட்டியே தொலைபேசியில் சொல்ல, பிள்ளைகள் காட்டுக்குள் போய்விடுவார்கள். 1942 ஆகஸ்டில் போலீசார் பேருந்துகளோடு வந்து வாரக்கணக்கில் தேடியும் பேருந்துகளை நிரப்ப முடியவில்லை.

1943 பிப்ரவரி 13 மாலை, த்ரோக்மேயைக் கைது செய்ய இரண்டு போலீசார் வந்தார்கள். அவர் கூட்டத்தில் இருந்தார், அவர்கள் வீட்டில் காத்திருந்தார்கள். அவர் வந்து, பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. மக்தா அந்தப் போலீசாரையும் மேசைக்கு அழைத்தார். கணவனைச் சிறைக்குக் கொண்டுபோக வந்தவர்களுக்கு எப்படி அம்மா சோறு போட்டீர்கள் என்று பிற்காலத்தில் பலர் அவரிடம் கேட்டார்கள். அந்தக் கேள்வியே அவருக்குப் புரியவில்லை. சாப்பாட்டு நேரம், வீட்டில் ஆள் இருக்கிறது, பசி இருக்கும், அவ்வளவுதான் என்பது அவர் பதில். செய்தி பரவி ஊரார் ஒவ்வொருவராக வந்தார்கள். சிறைக்குப் போகிறவருக்கென்று மெழுகுவர்த்தியையும் மீன் டப்பாவையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். த்ரோக்மே, தெய்ஸ், பள்ளித் தலைமையாசிரியர் தார்சிசாக் மூவரும் சில வாரங்கள் முகாமில் இருந்து மீண்டார்கள். எல்லாரும் மீளவில்லை. த்ரோக்மேயின் உறவினர் தானியேல், மாணவர் விடுதிப் பொறுப்பாளர், 1943 ஜூன் 29 அன்று விடுதி சோதனையிடப்பட்டபோது ஓடித் தப்ப வாய்ப்பிருந்தும் தம் மாணவர்களிடமே போனார். 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் இறந்தார். ஊர் மருத்துவர் ரோஜே லெ ஃபோரெஸ்தியே 1944 ஆகஸ்டில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அந்த ஊரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. அங்கே வளர்ந்த யூதப் பிள்ளைகளில் பலர் வயதான பிறகு சாட்சி சொன்னார்கள்: எங்களை மதம் மாற்ற யாரும் முயலவில்லை, எங்கள் பண்டிகைகளைக் கொண்டாட விட்டார்கள். எருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகம் 1990இல் அந்தப் பகுதி மக்கள் அனைவரையும் கௌரவித்தபோதும், அந்தக் கிழவர்களும் கிழவிகளும் இதில் பேச என்ன இருக்கிறது என்றே கேட்டார்கள். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நூற்பாலையில் எல்லாரும் கிறிஸ்தவர்களாக இருக்க மாட்டார்கள். நீங்கள் அழைக்கும் பையன் தன் அறைத்தோழனையும் கூட்டிக்கொண்டு வரலாம், அவன் இந்துவாகவோ இஸ்லாமியனாகவோ ஆதிவாசிகளின் சர்ணா வழிபாட்டுக்காரனாகவோ இருக்கலாம். அவனுக்கும் அதே இலை, அதே சோறு. சுவிசேஷக் கைப்பிரதியைச் சட்டைப்பையில் திணிக்க வேண்டாம். சோற்றைத் தூண்டிலாக்கினால் அது விருந்தாகாது. ஆண்டவர் எந்த வீட்டுப் பந்தியிலும் அப்படிச் செய்ததாகச் சுவிசேஷத்தில் நான் வாசித்ததில்லை.

சபை செய்வதும் வீடு செய்வதும் வேறு என்றேனே, அது என் சொந்தச் சரக்கல்ல. நான்காம் நூற்றாண்டிலேயே இந்தச் சிக்கல் வந்துவிட்டது. 362 வாக்கில் ரோமப் பேரரசர் ஜூலியன், பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்றவர், தம் பூசாரி ஒருவருக்கு வருத்தத்தோடு எழுதினார்: இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் அல்லவா தாங்குகிறார்கள், நீங்களும் ஊருக்கு ஊர் வழிப்போக்கர் விடுதி கட்டுங்கள். கொஞ்ச காலத்தில் செசரியாவில் ஆயர் பேசில் அந்நியருக்கும் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஒரு பெரிய வளாகமே கட்டினார். மகத்தான வேலை. ஆனால் விடுதி வந்ததும் வீடுகள் கதவைச் சாத்த ஆரம்பித்தன. 400ஆம் ஆண்டை ஒட்டி கான்ஸ்டாண்டினோப்பிளில் பேராயர் கிறிசோஸ்தம் இதைக் கண்டித்துப் பிரசங்கித்தார். சபைக்கு விடுதி இருக்கிறதே என்று சொல்லித் தப்பாதீர்கள், குருமார் ஜெபிக்கிறார்கள் என்பதற்காக நீங்கள் ஜெபத்தை விட்டுவிடுவீர்களா, ஒவ்வொரு வீட்டிலும் அந்நியனுக்கென்று ஓர் அறை இருக்கட்டும், ஒரு படுக்கை, ஒரு மேசை, ஒரு விளக்கு வையுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். உங்கள் கமிட்டியின் போர்வைத் தீர்மானத்தைப் படித்தபோது எனக்கு அந்தப் பிரசங்கம்தான் நினைவுக்கு வந்தது.

நம் தமிழ்ச் சபைகளுக்கு இதில் இன்னும் ஆழமான ஒரு காயம் இருக்கிறது, அதைத் தொடாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நாம் ஜெபத்தில் சேர்ந்துகொள்வோம், பந்தியில்தான் பிரிவோம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று தென்னாட்டுச் சபைகளுக்கு எழுதியபோது வேப்பேரியும் தஞ்சாவூரும் கொந்தளித்தன. நாம் இன்றும் கண்ணீரோடு பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்கூட அந்தச் சர்ச்சையில் சாதி வேறுபாட்டை விட மறுத்தவர்கள் பக்கம்தான் நின்றார். 1847இல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன், தன் ஊழியர்கள் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. ஊழியத்தை இழந்தாலும் பரவாயில்லை, அந்தச் சோற்றை உண்ண மாட்டோம் என்றார்கள் பலர். வடக்கன்குளத்தில் இரண்டு சாதிக்கு இரண்டு நீண்ட மண்டபம், நடுவே சுவர், முன்னால் ஒரே பீடம் என்று கோயிலே கட்டினார்கள். அந்தச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. பீடம் ஒன்றாகவும் மண்டபம் இரண்டாகவும் இருக்க முடியும் என்று நம்பிய மக்கள் நாம். அதனால்தான் தனி இந்தி ஆராதனை, தனி நேரம், தனி பெஞ்சு என்று கேட்கும்போது எனக்கு உள்ளே பதறுகிறது. நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள் என்று தெரியும். மொழிக்காகத் தனி ஆராதனை வைப்பது குற்றமில்லை. அவர்களும் தங்கள் மொழியில் பாட வேண்டும் அல்லவா. ஆனால் அதன் பிறகு நம்மோடு சேர்ந்து உண்ண ஓர் இடம் இல்லாவிட்டால், புதிதாக ஒரு சுவர் எழுப்புகிறோம் என்றுதான் பொருள்.

உங்கள் சேகரத்தில் வருடாவருடம் அசனம் உண்டு என்று எனக்குத் தெரியும். ஊரே கூடி, வரிசையாக உட்கார்ந்து, பணக்காரர் ஏழை என்று பாராமல் ஒரே சோறு, ஒரே கறிக்குழம்பு. சாதியால் இத்தனை கிழிந்த நம் சபைகள் வருடத்தில் ஒரு நாளாவது எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைக்கின்றன என்பது சாதாரண விஷயமல்ல. அந்த வரிசையில் இந்தப் பிள்ளைகள் உட்கார்ந்தார்களா என்று விசாரியுங்கள்.

சரி, உங்கள் கணவரின் கவலைகள். அவருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், அவரைக் குறை சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். டிடாக்கே என்று ஆதித் திருச்சபையின் ஒரு சிறு கையேடு உண்டு. முதலாம் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. அப்போதும் வழிப்போக்கர்கள் வந்தார்கள், அப்போதும் ஏமாற்றுக்காரர்கள் இருந்தார்கள். அந்தக் கையேடு சொல்வது இதுதான். கர்த்தருடைய நாமத்தில் வருகிற எவரையும் முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு சோதித்து அறியுங்கள். வழிப்போக்கர் இரண்டு நாள், அவசியமானால் மூன்று நாள் தங்கட்டும். ஊரிலேயே குடியிருக்க விரும்பினால் தொழில் செய்து சாப்பிடட்டும். அப்போஸ்தலன் என்று சொல்லிக்கொண்டு வந்து, போகும்போது பணம் கேட்கிறவன் போலி. பாருங்கள், உங்கள் கணவரின் கேள்வியை அவர்கள் அன்றே கேட்டிருக்கிறார்கள். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஏற்பது, அப்புறம் சோதிப்பது. நாம் அதைத் தலைகீழாக்கி, சோதித்து முடித்த பிறகு ஏற்கலாம் என்று காத்திருக்கிறோம், சோதனை முடிவதே இல்லை.

பணம் கேட்டால் என்ன செய்வது? கடன் கொடுக்க முடியாது என்று அன்போடு சொல்லிவிடலாம். சாப்பாட்டுக்கு அழைத்தவர் வங்கியாக வேண்டிய கட்டாயமில்லை. ஒப்பந்தக்காரர் சம்பளம் பிடித்து வைத்திருப்பதால் ஒருவன் கேட்டானானால், பணத்தைவிட அவனோடு தொழிலாளர் துறை அலுவலகம்வரை உடன் போகிற ஆள்தான் பெரிய உதவி. உங்கள் கணவர் அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர் என்று எழுதியிருந்தீர்கள், அந்த வேலை அவருக்கு நன்றாகவே வரும்.

மகள் இருக்கிற வீடு என்பது நியாயமான கவனம். யாரையும் தனியாக அழைக்க வேண்டாம். ஞாயிறு மதியம், வீட்டார் எல்லாரும் இருக்கும்போது, அந்தப் பையன்கள் எல்லாரையும் சேர்த்து அழையுங்கள். சபையில் இன்னொரு குடும்பத்தையும் கூப்பிடுங்கள். கவனமாக இருப்பது விசுவாசக் குறைவல்ல. ஆனால் தெரியாத மனிதன்மேல் ஊரைக் காரணம் காட்டிச் சந்தேகம் வைத்துக்கொண்டே இருப்பது வேறு. பயம் நம் பக்கம் மட்டும் இல்லை, சகோதரி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இவர்களைப் போன்ற லட்சக்கணக்கானவர்கள் சாலைகளில் நடந்தே ஊருக்குப் போனதை நாம் பார்த்தோம். 2023 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது, ராஞ்சியிலும் பாட்னாவிலும் தாய்மார்கள் தூங்காமல் பிள்ளைகளுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். உங்கள் வாசற்படியில் கால்வைக்க அவர்களுக்கும் தைரியம் வேண்டியிருக்கும்.

சமையல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'வடநாட்டுக்காரர்கள்' என்று சப்பாத்தி சுட வேண்டாம். ஜார்க்கண்ட் ஆதிவாசி மக்கள் சோறு உண்பவர்கள். சோறு, பருப்பு, கோழிக் குழம்பு, ஒரு கீரை, போதும். மாமிசம் உண்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் அவர்களோடு உட்காருங்கள். பெண்கள் நின்று பரிமாறி, விருந்தாளிகள் போனபின் அடுப்படியில் சாப்பிடுகிற நம் வழக்கத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய விதியில், மடத்தின் தலைவர் தாமே விருந்தினரோடு உட்கார்ந்து உண்ண வேண்டும், விருந்தினருக்காகத் தம் உபவாசத்தைக்கூட விடலாம் என்று வைத்தார். விருந்தினர் நேரங்கெட்ட நேரத்தில் வருவார்கள் என்பதால் அவர்களுக்கென்று தனிச் சமையலறையும் வைத்தார். 

பேச்சுக்கு மொழி இல்லையே என்று பயப்படாதீர்கள். அவனுக்கும் கொஞ்சம் தமிழ் எண்கள், பஸ் பெயர்கள், 'அண்ணா', 'அக்கா' தெரிந்திருக்கும். ஊரின் பெயர் கேளுங்கள், அம்மா பெயர் கேளுங்கள். அவன் பெயரை, 'தம்பி' என்பதோடு நிறுத்தாமல், சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். போனில் அம்மாவைக் கூப்பிடச் சொல்லி நீங்களே முகம் காட்டுங்கள். மொழி தெரியாத இரண்டு தாய்மார் ஒரு திரையில் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. கொடுக்கிறவராக மட்டும் இருந்துவிடாதீர்கள். பவுல் அப்போஸ்தலன் கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறியபோது, மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டி வரவேற்றவர்கள் சுவிசேஷம் கேள்விப்படாத தீவு மக்கள். எம்மாவு ஊரில் வழிப்போக்கனை வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்தவர்கள் சாப்பாடு போட்டார்கள், அப்பத்தைப் பிட்டுக் கொடுத்ததோ வந்தவர். விருந்தினன் ஒருநாள் விருந்து வைக்கவும் இடம் கொடுக்க வேண்டும். ஜார்க்கண்டில் கிறிஸ்துமசுக்கு 'அர்சா' என்று ஒரு பலகாரம் சுடுவார்கள். ஊறவைத்து இடித்த அரிசி மாவும் வெல்லமும், எண்ணெயில் பொரிப்பது. நம் அதிரசத்துக்குச் சொந்தக்காரன். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு விடுமுறை நாளைக் கேட்டுக்கொண்டு, உங்கள் அடுப்படியை அவர்களிடம் விட்டுவிடுங்கள். அரிசியை முந்தின இரவே ஊறப்போட வேண்டும், வெல்லம் இரண்டு கிலோவாவது வாங்கி வையுங்கள். சுட்டதைக் கமிட்டித் தலைவர் வீட்டுக்கும் போதகர் வீட்டுக்கும் ஒரு தட்டு கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பையன்களே கொண்டுபோகட்டும். அடுத்த வருட அசனத்துக்குக் குழம்பு வாளி பிடிக்க ஆள் போதவில்லை என்று கமிட்டியில் எப்போதும் சொல்வார்கள் அல்லவா, அப்போது இவர்கள் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கும் மகளுக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன்